ஸ்நோவும் சிநேகமும்: முகப்பூச்சின் இந்திய வரலாற்றிலிருந்து சில பக்கங்கள்

இந்த ஜனவரியின் முதல் வாரத்தில், டெல்லியில், என் கன்னத்துத் தோல் செதில் செதிலாக உரியத் தொடங்கியது. தெற்கிலிருந்து வடக்கே படிக்க வருகிற பலருக்கும் நேர்வதுதான் இது. குளிர்ந்த காற்றால் சிறிதளவு நீராவியையே தாங்க முடியும். அந்தக் காற்றை அறைக்குள் அடைத்து ஹீட்டரால் சூடாக்கினால் அதன் தாகம் பன்மடங்காகும். வேண்டிய ஈரத்தை அது அகப்பட்ட இடத்திலிருந்து எடுத்துக்கொள்ளும். அகப்பட்டது என் முகம்.

அதே வாரத்தில், பாரிஸில் ஒரு கருத்தரங்குக்குச் சென்று திரும்பிய தோழி ஒருத்தி, பால்வெள்ளைக் கண்ணாடிக் குப்பியில் ஒரு முகப்பூச்சைக் கொண்டுவந்து கொடுத்தாள். 50 மில்லி. விலையைத் தேடிப் பார்த்தபோது என் மாத உதவித்தொகையில் பாதிக்குச் சற்றுக் குறைவாக இருந்தது. பெயரைச் சொல்லப்போவதில்லை. நான் எழுத இருப்பது அந்தக் குப்பியைப் பற்றி மட்டுமன்று, அது சேர்ந்த குலத்தைப் பற்றி. என் விடுதி அறைத்தோழி வங்காளத்தின் நதியா மாவட்டத்துக்காரர். குளிர்காலம் முழுவதும் போரோலினின் பச்சை ட்யூபோடு வாழ்கிறவர். குப்பியைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தவர், "எங்கள் பாட்டி இதையும் ஸ்நோ என்றுதான் சொல்வார்" என்றார்.

அந்த ஒரு சொல்லிலிருந்துதான் இந்தப் பதிவு பிறந்தது. இடக்கன்னத்தில் விலையுயர்ந்த பூச்சு, வலக்கன்னத்தில் பச்சை ட்யூப், 15 இரவுகள் என்று ஒரு சோதனையும் நடத்தினேன். அதன் முடிவைக் கடைசியில் சொல்கிறேன். முதலில் சொல்.

ஆயுர்வேத நூல்களில் வறட்சியைக் குறிக்கும் சொல் 'ரூக்ஷம்'. அதன் எதிர்ச்சொல் 'ஸ்நிக்தம்'. ஸ்நிக்தம் என்பது 'ஸ்நிஹ்' என்னும் வேரிலிருந்து வருவது. பிசுபிசுத்தல், ஈரமாதல், ஒட்டிக்கொள்ளுதல் என்பன அந்த வேரின் பொருள்கள். அதே வேரிலிருந்து பிறந்த 'ஸ்நேஹம்' எண்ணெயையும் குறிக்கும், அன்பையும் குறிக்கும். ஒட்டிக்கொள்வது எதுவோ அது ஸ்நேஹம். தமிழ் இந்தச் சொல்லை இரண்டு முறை கடன் வாங்கியிருக்கிறது. சிநேகம் என்று வாங்கியபோது நட்பு மட்டும் வந்தது. பிராகிருத வடிவத்தின் வழியே 'நேயம்' என்று வாங்கியபோது அன்போடு எண்ணெயும் நெய்யும் சேர்ந்து வந்தன. பழைய நிகண்டுப் பொருள்களில் அவை இன்றும் இருக்கின்றன, வழக்கில்தான் இல்லை. (நம்முடைய 'நெய்' வேறு. அது திராவிடச் சொல். எள்ளின் நெய் எண்ணெய், வெள்ளை நெய் வெண்ணெய். ஒலி ஒற்றுமையைக் கண்டு இரண்டையும் முடிச்சுப் போடுகிறவர்கள் மேடைகளில் உண்டு.)

சரக சம்ஹிதையின் சூத்திரஸ்தானம், 5ஆம் அத்தியாயத்தில், உடலுக்கு எண்ணெய் தேய்ப்பதற்கு மூன்று உவமைகளைத் தருகிறது. எண்ணெய் ஊறிய மண்குடம், எண்ணெய் பூசிப் பதமாக்கிய தோல், எண்ணெய் இட்ட வண்டி அச்சு. மூன்றும் உழைக்கும் பொருள்கள், மூன்றிலும் எண்ணெய் தங்கி நிற்க வேண்டும். தங்காத எண்ணெயால் அச்சுக்குப் பயனில்லை. அழகைப் பற்றியும் நறுமணத்தைப் பற்றியும் வடமொழியில் ஏராளமாக எழுதப்பட்டிருக்கிறது. வராகமிகிரரின் பிருஹத் சம்ஹிதையில் நறுமணக் கலவைகளுக்கென்றே ஓர் அத்தியாயம் உண்டு. ஆனால் வறண்ட தோலுக்கான மருந்து என்ற அளவில் இந்த மரபு ஒரே விடையைத்தான் திரும்பத் திரும்பச் சொல்லிவந்தது. எண்ணெய் இடு, அது இருக்கட்டும்.

ஐரோப்பிய மரபிலும் தொடக்கம் இதுதான். 2ஆம் நூற்றாண்டின் கிரேக்க மருத்துவர் காலனின் பெயரோடு ஒரு பூச்சு வழங்கிவருகிறது. தேன்மெழுகை ஆலிவ் எண்ணெயில் உருக்கி, பன்னீரைச் சேர்த்துக் கடைந்தெடுப்பது. கலவையில் நீர் உறுதியாகப் பிணைந்திருக்காது. தோலில் தேய்த்ததும் அது பிரிந்து ஆவியாகும், அப்போது குளிர்ச்சி தோன்றும். அதனால் 'குளிர்ப் பூச்சு' என்று லத்தீனிலும், பிறகு 'கோல்ட் க்ரீம்' என்று ஆங்கிலத்திலும் பெயர் வந்தது. அதாவது பெயர் குறிப்பது பூச்சு தரும் குளிர்ச்சியை, பருவகாலக் குளிரை அன்று.

இந்தப் பெயர் வட இந்தியச் சந்தைக்கு வந்தபோது நிகழ்ந்தது ஓர் அழகான மறுபகுப்பு. எங்கள் விடுதிக்கு எதிரேயுள்ள கடைக்காரரிடம் கோல்ட் க்ரீம் என்றால் என்ன என்று கேட்டேன். என்னை இரக்கத்தோடு பார்த்து, "டண்ட் கீ க்ரீம், மேடம்" என்றார். குளிர்காலத்து க்ரீம். தீபாவளி கழிந்ததும் கடையின் முன்வரிசைக்கு வந்து, ஹோலிக்குப் பிறகு பின்வரிசைக்குப் போகும் பொருள் அது. காலனின் பூச்சு வெப்பத்துக்கு ஆறுதல், இவருடைய பூச்சு குளிருக்குக் கவசம். ஆங்கிலத்தில் குளிர்ச்சிக்கும் குளிர்காலத்துக்கும் ஒரே சொல் இருப்பதால், வட இந்தியக் குளிர்காலம் அந்தப் பெயரைத் தன்வசப்படுத்திக்கொண்டது. மொழியியல் வகுப்பில் மக்கள் சொற்பிறப்புக்கு எடுத்துக்காட்டுகளைத் தேடி அலைகிற ஆசிரியர்கள் இதைத் தாராளமாகப் பயன்படுத்திக்கொள்ளலாம்.

வரலாறு கிளை பிரிந்தது 19ஆம் நூற்றாண்டின் இறுதியில். பரோஸ் வெல்கம் என்னும் லண்டன் மருந்து நிறுவனம் 1892இல் ஹேஸலின் ஸ்நோ என்ற பூச்சை விற்பனைக்குக் கொண்டுவந்தது. ஹேஸலின் என்பது விட்ச் ஹேஸல் என்னும் செடியின் சாறு. ஸ்நோ என்பது பூச்சின் தோற்றம். இதன் வேதியியல் கோல்ட் க்ரீமின் வேதியியலுக்கு நேர் எதிரானது. ஸ்டியரிக் அமிலம் என்னும் கொழுப்பமிலத்தின் ஒரு பகுதியைக் காரத்தால் சோப்பாக்கி, அந்தச் சோப்பைக் கொண்டே மீதி அமிலத்தை நீரில் கலந்து நிறுத்துவது. பெரும்பகுதி நீர்தான். தேய்த்ததும் நீர் ஆவியாகிவிடும். மிஞ்சுவது கண்ணுக்குத் தெரியாத, பளபளப்பற்ற, மெல்லிய ஒரு படலம். பூசினதற்கு அடையாளமே இராது. எனவே இவ்வகைக்கு 'வானிஷிங் க்ரீம்', மறையும் பூச்சு, என்று பெயர்.

மறைவதுதான் இதன் பெருமை. வறண்ட தோலுக்கு இது செய்வதோ மிகச் சொற்பம். கலவையில் கிளிசரின் இருந்தால் அதனால் சிறு பயன் உண்டு. மற்றபடி ஈரம் வெளியேறாமல் தடுக்க அந்தப் படலத்தால் பெரிதாக இயலாது. எண்ணெய் வழியும் முகத்தை மங்கச் செய்து, மேலே பவுடர் ஒட்டுவதற்கு ஏற்ற தளமாக்குவதே அதன் பணி. பாண்ட்ஸ் நிறுவனம் இந்த முரணை நன்றாகவே அறிந்திருந்தது. அமெரிக்காவில் 1910களின் நடுவிலிருந்து இரு க்ரீம்களையும் இணையாக விளம்பரப்படுத்தியது. இரவில் கோல்ட் க்ரீம், பகலில் வானிஷிங் க்ரீம். 1920களில் ருமேனிய அரசி மேரியே அவற்றுக்குச் சான்று வழங்கினார். யாரும் பார்க்காத இரவுக்கு எண்ணெய், ஊர் பார்க்கும் பகலுக்கு மறையும் பூச்சு. தோலின் தேவையும் முகத்தின் தேவையும் வேறு வேறு என்பதை இதைவிடத் தெளிவாக எந்த நூலும் சொல்லவில்லை.

இந்தியாவில் அந்த இணை உடைந்து, பகல் பூச்சுக்குத் தனி அரசாட்சி கிடைத்தது. பம்பாயில் இ. எஸ். பாட்டன்வாலா 1919இல் அஃப்கான் ஸ்நோவைத் தயாரித்தார். இந்தியர் ஒருவர் உருவாக்கிய தொடக்ககால முகப்பூச்சுகளில் மிகப் புகழ்பெற்றது அது. பெயருக்கு ஒரு கதை உண்டு. ஆஃப்கானிஸ்தான் அரசர் பூச்சைப் பார்த்து, எங்கள் நாட்டுப் பனியைப் போல் இருக்கிறது என்றாராம். சில இடங்களில் அந்த அரசர் ஸாஹிர் ஷா என்று எழுதப்பட்டிருக்கிறது. ஸாஹிர் ஷா அரியணை ஏறியது 1933இல், க்ரீமோ 1919க்கு உரியது. கதையை நம்புகிறவர்கள் முதலில் அரசரை மாற்றிக்கொள்ள வேண்டும். பனிக்கு அரச முத்திரை ஒன்று வேண்டியிருந்தது என்பதே கதையிலிருந்து நாம் எடுத்துக்கொள்ளக்கூடிய வரலாறு.

என்னை ஈர்ப்பது கதையைவிடப் பெயரின் பிற்கால வாழ்க்கை. ஹேஸலின் ஸ்நோவிலும் அஃப்கான் ஸ்நோவிலும் ஈற்றில் நின்ற அடைமொழி, இந்திய மொழிகளில் பொதுப்பெயராயிற்று. வங்காளியில் 'ஸ்நோ-பவுடர்' என்பது ஒப்பனை முழுவதையும் குறிக்கும் இணைச்சொல். இந்தியிலும் அப்படியே. தமிழிலும் ஒரு தலைமுறைக்கு முன்புவரை முகத்துக்கு 'ஸ்நோ போடுவது' என்றுதான் சொன்னார்கள். கங்கைச் சமவெளியிலும் காவிரிக் கரையிலும் பனிப்பொழிவைக் கண்ணால் கண்டிராத கோடிக்கணக்கானோருக்கு, ஸ்நோ என்னும் ஆங்கிலச் சொல்லின் முதற்பொருள் குப்பியில் இருக்கும் வெள்ளைப் பூச்சு. வானத்திலிருந்து விழுவது அதன் உவமப்பொருள். வங்கத்தில் இந்தப் பெயர் மொழிபெயர்க்கவும் பட்டது. ஹிமானி ஸ்நோ என்ற பண்டத்தின் பெயரிலுள்ள 'ஹிமானீ' வடமொழியில் பனித்திரள். பனித்திரள் பனி என்று இருமுறை பனி பெய்கிறது அந்தப் பெயரில். (அந்த ஹிமானி நிறுவனத்தை 1978இல் வாங்கியது இமாமி.)

பனி என்னும் உவமையில் இரண்டு வாக்குறுதிகள் உள்ளன. ஒன்று, உருகி மறையும். மற்றொன்று, வெண்மையாக இருக்கும். முதலாவது உற்பத்தியாளர் தந்த வாக்குறுதி. இரண்டாவதை வாங்குவோர் தாமே வாசித்துக்கொண்டனர் என்று சொல்வது பாதி உண்மைதான், விளம்பரங்களும் அதற்குக் கைகொடுத்தன. 1975இல் சந்தைக்கு வந்த ஃபேர் அண்ட் லவ்லி, வானிஷிங் க்ரீம் வகைக் கலவையில் நியாசினமைடு என்னும் வைட்டமினையும் வெயில் தடுப்பானையும் சேர்த்தது. கறுத்த தோலுக்கு வெறுப்பையும் வெளுப்புக்கு ஆசையையும் அது விற்ற கதை பலராலும் எழுதப்பட்டுவிட்டது. 2020இல் 'ஃபேர்' என்ற சொல்லை நீக்கிப் பெயர் மாற்றிக்கொண்ட செய்தியும் நமக்குத் தெரியும். அங்கே நான் நிற்கவில்லை. நிறத்தைப் பற்றிய பேச்சில் கவனிக்காமல் விடப்படுவது பளபளப்பு. தோல் என்ன நிறம் என்பது மட்டுமல்ல, அது மினுங்குகிறதா என்பதும் இந்தியாவில் மனிதர்களை அளக்கும் ஓர் அளவுகோல்.

'எண்ணெய் வழியும் முகம்' என்று தமிழில் சொல்லும்போது நாம் ஒரு தோலை வருணிப்பதில்லை, ஓர் ஆளை வகைப்படுத்துகிறோம். அந்த ஆள் ஊரிலிருந்து வந்தவர், நாகரிகம் போதாதவர், வெயிலில் அலைகிறவர். முதுகலை முடித்து ஒரு நேர்முகத் தேர்வுக்காகக் காத்திருந்தபோது, உள்ளேயிருந்து வந்த மூத்த மாணவர் ஒருவர் என் கையில் ஒரு காகிதக் கைக்குட்டையைத் தந்து, "முகத்தைத் துடைத்துக்கொண்டு போ" என்றார். நல்லெண்ணத்தில்தான் சொன்னார். வறட்சிக்காக அன்று காலையில் தேங்காய் எண்ணெய் தடவியிருந்தேன். துடைத்துக்கொண்டு போனேன். தேர்வுக்குழு என் முகத்தில் எதைப் பார்த்ததென்று தெரியாது. நான் மட்டும் அந்த அரைமணி நேரமும் என் கன்னம் வெளிறிச் சாம்பல் பூத்திருக்குமோ என்ற கவலையில் இருந்தேன். கறுத்த தோலில் வறட்சி சாம்பல் நிறமாகத் தெரியும் என்பதை என்னைப் போன்றவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. எண்ணெய் இட்டால் நாட்டுப்புறம், இடாவிட்டால் நோஞ்சான்.

பச்சை ட்யூப் இந்தச் சிக்கலுக்கு வேறொரு வழியைக் கண்டது. கல்கத்தாவில் கௌர்மோகன் தத்தாவின் ஜி. டி. ஃபார்மஸூட்டிகல்ஸ் 1929இல் போரோலினைத் தொடங்கியது. போரிக் அமிலத்திலிருந்து 'போரோ', எண்ணெய் என்று பொருள்படும் லத்தீன் 'ஓலியம்' என்பதிலிருந்து 'ஒலின்' என்று பெயருக்கு விளக்கம் சொல்வார்கள். போரிக் அமிலம், துத்தநாக ஆக்ஸைடு, லனோலின், மெழுகெண்ணெய் அடங்கிய கெட்டியான களிம்பு அது. மறையாது, மறைவதாகச் சொல்லிக்கொள்ளவும் இல்லை. அழகுப் பொருளாக வராமல் மருந்தாக வந்ததால் மினுங்கும் உரிமை அதற்குக் கிடைத்தது. காயத்துக்கும் வெடித்த உதட்டுக்கும் குதிகாலுக்கும் போட்டதை முகத்துக்கும் போட்டுக்கொண்டால் யாரும் கேள்வி கேட்கப்போவதில்லை. 1947 ஆகஸ்ட் 15 அன்று ஒரு லட்சம் ட்யூப்களை இலவசமாக வழங்கியதாக நிறுவனம் சொல்லிக்கொள்கிறது. வங்காளிக் குடும்பங்களில் அந்த ட்யூபின் இடம் நம் வீட்டுத் திருநீற்று மடலின் இடத்தைப் போன்றது என்று அறைத்தோழியிடம் சொன்னேன். அவர் மறுக்கவில்லை.

ட்யூபின் பின்புறத்தைப் படித்தபோது இன்னொன்று கண்ணில் பட்டது. இப்போது அது ஆயுர்வேத மருந்து. உட்பொருள் பட்டியலில் போரிக் அமிலம் 'டங்கண அம்லம்' ஆகியிருக்கிறது. துத்தநாக ஆக்ஸைடு 'ஜஸத பஸ்மம்'. 1929இல் நம்பகத்துக்காக லத்தீன் உடுத்திய அதே பொருள்கள் இன்று நம்பகத்துக்காக வடமொழி உடுத்தியிருக்கின்றன. களிம்பு மாறவில்லை.

களிம்பில் உள்ள லனோலினுக்கும் ஒரு வரலாறு உண்டு. ஆட்டு ரோமத்திலிருந்து எடுக்கும் அந்த மெழுகை நீரை ஏற்கும் வகையில் தூய்மைப்படுத்தும் முறையை 1882இல் ஜெர்மானியர்களான லீப்ரைக்கும் பிரவுனும் கண்டனர். அதிலிருந்து ஐசக் லிஃப்ஷுட்ஸ் பிரித்தெடுத்த யூசெரிட் என்னும் பொருளால், நீரை எண்ணெய்க்குள் நிலையாகப் பிணைக்க முடிந்தது. காலனின் பூச்சு பல நூற்றாண்டுகளாகப் பிரிந்துகொண்டே இருந்தது. யூசெரிட் சேர்ந்த பூச்சு பிரியவில்லை. ஹாம்பர்க்கின் பையர்ஸ்டார்ஃப் நிறுவன உரிமையாளர் ஆஸ்கர் ட்ரோப்லோவிட்ஸ், தோல் மருத்துவர் பால் உன்னாவின் வழிகாட்டுதலில், அதைக் கொண்டு 1911இல் ஒரு க்ரீமை வெளியிட்டார். அதற்கு அவர் வைத்த பெயர் நிவியா. லத்தீனில் 'நிக்ஸ்', அதன் வேற்றுமை வடிவம் 'நிவிஸ்'. பொருள்: பனி.

இங்கே என் துறை சார்ந்த ஓர் இன்பத்தைப் பகிர்ந்துகொள்ள அனுமதியுங்கள். லத்தீன் நிவிஸ், ஆங்கில ஸ்நோ ஆகிய இரண்டும் ஒரே இந்தோ-ஐரோப்பிய வேரிலிருந்து வந்தவை என்பதில் ஐயமில்லை. அதே வேரோடுதான் வடமொழி 'ஸ்நிஹ்' என்பதையும் சொற்பிறப்பியல் அகராதிகள் பல இணைக்கின்றன. பனி பெய்தல் முந்தியதா, ஒட்டுதல் முந்தியதா என்பதில் அறிஞர்களிடையே வாதம் உண்டு. வேர் ஒன்று என்று கொண்டால், ஸ்நோவும் ஸ்நேஹமும் உடன்பிறப்புகள். பம்பாய்க்கு வந்த மறையும் பூச்சும் சரகரின் தங்கும் எண்ணெயும் ஒரே சொல்லின் இரு கிளைகளிலிருந்து பெயர் பெற்றவை. இதனால் எதுவும் நிரூபணமாகாது. இரவு 2 மணிக்கு அகராதியை மூடிவிட்டுத் தனியாகச் சிரித்ததற்குக் காரணம் மட்டும் இதுதான்.

'மாய்ஸ்சரைசர்' என்ற சொல்லுக்கு வருவோம். தோல் எண்ணெய்க் குறைவால் வறள்கிறது என்பதே நெடுங்காலம் எல்லோருடைய எண்ணமும். 1952இல் அமெரிக்க ஆய்வாளர் இர்வின் பிளாங்க் ஒரு சோதனையை வெளியிட்டார். காய்த்துப்போன தோல் துண்டை எண்ணெயில் ஊறவைத்தாலும் அது உடைகிறது. நீரை ஏற்றால் வளைகிறது. மேல்தோலை மென்மையாக வைத்திருப்பது எண்ணெயன்று, நீர். எண்ணெயின் வேலை அந்த நீரைக் காவல் காப்பது. சரகரின் விடை சரி, விளக்கம் வேறு. இந்த அறிவோடு சேர்ந்துதான் ஈரத்தைப் பெயரில் தாங்கிய மாய்ஸ்சரைசர் என்னும் வகை செல்வாக்குப் பெற்றது. தமிழில் அரசுநடை மொழிபெயர்ப்பாளர்கள் இதை 'ஈரப்பதமூட்டி' என்கிறார்கள். மூலச்சொல்லின் பொய்யும் சேர்ந்து மொழிபெயர்க்கப்பட்டிருக்கிறது. நல்ல மாய்ஸ்சரைசர் செய்யும் பெரும்பணி ஈரத்தை ஊட்டுவதன்று, ஈரம் போகாமல் பார்த்துக்கொள்வது. 'ஈரங்காப்பான்' என்று சொல்லலாம். யாரும் சொல்லப்போவதில்லை.

அதே 1952இல்தான் டாட்டா ஆயில் மில்ஸ் லக்மேயைத் தொடங்கியது. அந்நியச் செலாவணி அழகுப் பொருள்களில் கரைவதைக் கண்டு நேரு கேட்டுக்கொண்டதாகச் சொல்வார்கள். பெயர், லட்சுமியைப் பிரெஞ்சு நாக்கு உச்சரித்த விதம். டெலீப் இசையமைத்து 1883இல் அரங்கேறிய இசைநாடகத்தின் நாயகி லக்மே, ஓர் இந்தியப் பிராமணரின் மகள். நம்முடைய திருமகள் பாரிஸுக்குப் போய், ஈற்றில் ஓர் அழுத்தக்குறி பெற்றுத் திரும்பி வந்தபோது விலை கூடியிருந்தது. இதற்குமேல் அதில் சொல்ல ஒன்றுமில்லை.

ஆடம்பர க்ரீம் என்னும் வகை நிலைபெற்றது ஏறத்தாழ அதே காலத்தில்தான். 1950களின் பிற்பகுதியில் எஸ்டே லாடர் தன் ரீ-நியூட்ரிவ் க்ரீமை 115 டாலருக்கு விற்றார். அந்த விலையையே விளம்பரத்தின் பொருளாகவும் ஆக்கினார். இன்று இந்த வகையின் அடையாளமாக எல்லோரும் சுட்டுவது, மாக்ஸ் ஹூபர் என்பவர் உருவாக்கி, 1995இல் லாடர் நிறுவனம் வாங்கிய க்ரீம் டி லா மேர். கடற்பாசிச் சாறும் அதன் நொதித்தலும்தான் அந்தக் கதையின் நாயகர்கள். வெளியிடப்பட்ட உட்பொருள் பட்டியலைப் பாருங்கள். பாசிச் சாற்றுக்குப் பின் மினரல் ஆயில், பெட்ரோலேட்டம், கிளிசரின், நுண்படிக மெழுகு, லனோலின் ஆல்கஹால் என்று போகிறது. மினரல் ஆயில், கிளிசரின், நுண்படிக மெழுகு, லனோலின் ஆல்கஹால் ஆகிய நான்கும் நிவியாவின் நீல டப்பாவிலும் இருக்கின்றன. இரண்டும் ஒன்று என்று நான் சொல்லவில்லை. அளவுகளும் மீதிப் பொருள்களும் வேறு. ஆனால் வறண்ட தோலுக்கு வேலை செய்யும் பகுதி எது என்று கேட்டால், விரல் இரண்டிலும் ஏறக்குறைய ஒரே இடத்தில்தான் போய் நிற்கும்.

வறட்சி நோயா, அழகுக்குறையா? இந்தக் கேள்வியை இந்தியாவில் தீர்க்க வேண்டியிருந்தது தோல் மருத்துவர்கள் அல்லர், வரி அதிகாரிகள். 1940இன் மருந்துச் சட்டத்துக்குள் அழகுப் பொருள்களைக் கொண்டுவந்தது 1962இன் திருத்தம். அதன் பிறகு ஒரு க்ரீம் அழகுப் பொருளா மருந்தா என்பது உரிமம், வரி இரண்டையும் தீர்மானித்தது. மாய்ஸ்சரெக்ஸ் என்னும் க்ரீம் தொடர்பாக சியென்ஸ் லேபரட்டரீஸ் நிறுவனத்துக்கும் மத்திய கலால் துறைக்கும் நடந்த வழக்கு உச்ச நீதிமன்றம்வரை சென்றது. யூரியா, லாக்டிக் அமிலம், புரொப்பிலீன் கிளைக்கால் கொண்ட க்ரீம் அது. முதல் இரண்டும் நம் மேல்தோல் தன் ஈரத்தைப் பிடித்துவைக்கத் தானே வைத்திருக்கும் பொருள்கள். அதை மருந்து என்று 2013இல் நீதிமன்றம் தீர்த்தது. மருத்துவர் சீட்டு இல்லாமல் கடையில் கிடைக்கிறது என்பதாலேயே ஒன்று மருந்தல்லாமல் போய்விடாது என்றும், குணப்படுத்துவதா பராமரிப்பதா என்பதே கேள்வி என்றும் தீர்ப்பு விளக்கியது. என் கன்னத்தின் செதில்களைச் சட்டம் ஒரு நோயாக ஏற்றுக்கொள்ளும் என்று அறிந்ததில் எனக்குச் சிறிது ஆறுதல் கிடைத்தது என்பதை மறைப்பானேன்.

இனி சோதனை. ஒருத்தியின் முகம், 15 இரவுகள், கட்டுப்பாட்டுக் குழு கிடையாது. இதிலிருந்து பொதுமுடிவு எடுப்பவர்கள் தம் ஆய்வேட்டையும் அப்படித்தான் எழுதுவார்கள். 4ஆம் நாளில் இரு கன்னங்களிலும் செதில் நின்றது. 10ஆம் நாளில் புள்ளியியல் துறைத் தோழி ஒருத்தியிடம், எதில் எது என்று சொல்லாமல், எந்தப் பக்கம் வறண்டிருக்கிறது என்று தொட்டுப் பார்க்கச் சொன்னேன். இடம் என்றாள். மறுநாள் வலம் என்றாள். மூன்றாம் நாள், "இரண்டும் ஒன்றுதான், என்னைப் படிக்க விடு" என்றாள். ஆனால் தொடாமல் தொலைவிலிருந்து கேட்டபோது மூன்று நாளும் ஒரே விடை, சிறிதும் தயக்கமில்லாமல்: "வலப்பக்கம் எண்ணெய் வடிகிறது." இடப்பக்கத்திலும் எண்ணெய் இருந்தது. குப்பியின் அட்டையில் ஷியா வெண்ணெய்க்கும் மினரல் ஆயிலுக்கும் அடுத்து டைமெத்திகோன் என்று இருந்தது. பட்டுப்போல் வழுக்கி, மற்ற எண்ணெய்களின் பிசுபிசுப்பை மறைக்கும் சிலிக்கோன் அது. எண்ணெய் தங்கியிருந்தது, தங்கியிருப்பது தெரியவில்லை.

அந்தப் பாதி மாதச் சம்பளம் எதற்கு என்பது எனக்கு அப்போது விளங்கியது. தோலுக்கு வேண்டியதை இரண்டு பூச்சும் தந்தன. குப்பி கூடுதலாகத் தந்தது, காகிதக் கைக்குட்டையிலிருந்து விடுதலை. பாண்ட்ஸ் இரவுக்கும் பகலுக்கும் எனத் தனித்தனியாக விற்றதை ஒரே குப்பியில் அடைத்து விற்கிறார்கள். மணமும் நன்றாகத்தான் இருந்தது. இரவில் மூடியைத் திறக்கும் அந்த நொடியை 15 நாளும் எதிர்பார்த்திருந்தேன் என்பதையும் குறிப்பேட்டில் எழுதிவைத்திருக்கிறேன். அதைச் சேர்க்காவிட்டால் தரவில் நேர்மையில்லை.

குப்பியில் இன்னும் பாதி இருக்கிறது. பிப்ரவரியில் துறைக் கருத்தரங்கில் கட்டுரை வாசிக்க வேண்டும். அன்று காலைக்காக எடுத்து வைத்திருக்கிறேன். மற்ற நாள்களுக்குப் பச்சை ட்யூப்.

நண்பர்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டில் 60 வயதைக் கடந்தவர்களிடம், முகத்துக்குப் போடும் க்ரீமைச் சிறுவயதில் என்ன பெயர் சொல்லி அழைத்தார்கள் என்று கேட்டு எழுதுங்கள். ஊர், மொழி, ஏறத்தாழ எந்த ஆண்டு என்பதும் வேண்டும். 'ஸ்நோ' என்றார்களா, 'சுனோ' என்றா, 'இஸ்நோ' என்றா என்று உச்சரிப்பையும் குறித்தால் நல்லது. சொல்லின் முதலில் மெய்யெழுத்துகள் சேர்ந்து வரும்போது எந்தெந்த மொழி எந்த உயிரைத் துணைக்கு அழைக்கிறது என்று ஒரு வரைபடம் போட ஆசை. நதியா மாவட்டத்துப் பாட்டியின் தரவு பதிவாகிவிட்டது.